பீலித் தண்ணீர் சுடுதண்ணீரான கதை

தை மாதத்தில் விடியற்காலை ஐந்து மணிக்கு எங்கள் தகரக் கூரையின் உள்பக்கத்தில் தண்ணீர்த் துளிகள் வரிசையாகத் தொங்கும். இரவு மழை பெய்திருக்காது. வானம் துடைத்து வைத்ததுபோல் இருந்திருக்கும். நாங்கள் விட்ட மூச்சும் கேத்தலின் ஆவியும் குளிர்ந்த தகரத்தில் பட்டு நீராகி, ஒவ்வொன்றாகப் போர்வையில் சொட்டும். இலங்கை மலையகத்தில், நுவரெலியாவை அடுத்த கந்தப்பளையிலிருந்து மேலே ஏறும் பாதையில், 6,000 அடிக்கு மேல், நாங்களே கட்டிய வீட்டின் முதல் தை மாதம் அது. முன் திண்ணையான இஸ்தோப்பில் மாட்டியிருந்த வெப்பமானி 4 பாகை காட்டியது. கீழே உருளைக்கிழங்குப் பாத்தியில் உறைபனி வெள்ளையாகக் கிடந்தது.

அம்மா 34 வருடங்கள் தேயிலைக் கொழுந்து பறித்தவர். அந்தக் குளிரில் பீலித் தண்ணீரில், அதாவது மலை ஊற்றிலிருந்து வழிந்து வரும் தண்ணீரில், கை வைத்தால் அவருடைய விரல்கள் மடங்கியபடியே நின்றுவிடும். பாத்திரத்தை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் அணைத்துத்தான் தூக்குவார். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் இருந்த காலத்திலும் அப்படித்தான். அப்போது எனக்கு அது கண்ணில் படவில்லை. கொழும்பில் 18 வருடங்கள் வேலை செய்துவிட்டுத் திரும்பி வந்த பிறகுதான் பட்டது. இந்த வீட்டில் வேறு எது இல்லாவிட்டாலும் குழாயைத் திறந்தால் சுடுதண்ணீர் வர வேண்டும் என்று அன்று முடிவெடுத்தேன். முடிப்பதற்கு இரண்டரை வருடங்கள் ஆயின. நான் செய்த தவறுகளை மற்றவர்கள் செய்யாமல் இருக்கத்தான் இதை எழுதுகிறேன். அவற்றில் ஒன்று உயிரை எடுத்திருக்கக்கூடியது.

எங்கள் வீட்டுக்கு மின்சாரக் கம்பி கிடையாது. பாதையிலிருந்து வீடு வரைக்கும் கம்பங்கள் நட்டுக் கம்பி இழுக்கும் செலவை நாங்கள்தான் கட்ட வேண்டும். அந்தத் தொகைக்குச் சூரியத் தகடுகளும் பற்றரிகளும் வாங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டு அவற்றையே வாங்கினோம். விளக்கு, தொலைபேசி, ரேடியோ, ஒரு சிறிய தொலைக்காட்சி எல்லாம் அதில் ஓடுகின்றன. தண்ணீரை மட்டும் அதில் சூடாக்க முடியாது. ஏன் என்பதைக் கணக்காகவே சொல்கிறேன். 15 பாகையில் வரும் 100 லீட்டர் பீலித் தண்ணீரை 45 பாகைக்குக் கொண்டுவர ஏறக்குறைய 3.5 யூனிட் மின்சாரம் வேண்டும். எங்களிடம் இருப்பது 24 வோல்ட், 200 ஆம்பியர்-மணி ஈய அமிலப் பற்றரி வரிசை. அது நீடித்து உழைக்க வேண்டுமானால் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது. அப்படிப் பார்த்தால் கையில் கிடைப்பது 2.4 யூனிட்தான். இரண்டு பேர் குளித்தால் வீடே இருண்டுவிடும். பற்றரியில் ஷவர் ஹீட்டர் போடலாம் என்று எந்தக் கடைக்காரர் சொன்னாலும் இந்தக் கணக்கை அவர் முன்னால் வைத்துப் பேசுங்கள்.

எரிவாயுவையும் யோசித்தோம். 2022இல் 12.5 கிலோ சிலிண்டருக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றது இந்த நாட்டில் யாருக்கும் மறந்திருக்காது. அதன் பிறகு குளிப்பதற்கும் அதையே நம்பியிருக்க எனக்கு மனம் வரவில்லை. கிடைத்தாலும், எரிவாயுச் சூடாக்கியைக் குளியலறைக்குள் மாட்டுவது ஆபத்து. மூடிய சிறிய அறையில் அது பிராணவாயுவைத் தின்றுவிட்டு, மணமே இல்லாத கார்பன் மொனொக்சைட்டை விடும். மாட்டத்தான் வேண்டுமென்றால் சுவருக்கு வெளியே மாட்டுங்கள்.

இதே காரணத்துக்காக அம்மாவின் பழைய வழக்கம் ஒன்றையும் நிறுத்தினேன். குளிர் கூடிய இரவுகளில் அடுப்புத் தணலை ஒரு மண்சட்டியில் அள்ளி, சாம்பல் தூவிப் படுக்கையறைக்குள் வைப்பார். லயத்துக் காம்பராவில் ஓட்டுக்கும் சுவருக்கும் இடையே விரல் நுழையும் சந்துகள் இருந்தன. காற்று வந்து போகும். நான் கட்டிய வீட்டில் சந்து இல்லை, ஜன்னல் கண்ணாடி இறுக்கமாக மூடும். அங்கே காப்பாற்றிய அதே சட்டி இங்கே கொன்றுவிடும். புகை வந்தால்தானே ஆபத்து என்று அம்மா கேட்டார். தணலில் புகை இல்லாததுதான் ஆபத்து என்று புரியவைக்க எனக்கு ஒரு வாரம் ஆனது.

சூடு உண்டாக்குவதற்கு முன்னால் இருக்கிற சூட்டைப் பிடித்து வைக்க வேண்டும் என்பதை நான் தலைகீழாகக் கற்றேன். முதலில் அடுப்பு வாங்கினேன், பிறகுதான் கூரையைப் பார்த்தேன். வெறும் தகரம் பகலில் வாங்கும் சூட்டைத் தெளிந்த இரவில் அப்படியே வானத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிடும். விடியும்போது வெளிக்காற்றைவிடத் தகரம் குளிர்ந்திருக்கும். தகரத்துக்கு நான்கு அங்குலம் கீழே பலகை அடித்து, பலகையின் மேல் கண்ணாடி நார்ப் பஞ்சு விரித்தோம். பஞ்சுக்கும் தகரத்துக்கும் நடுவே காற்று ஓட இடம் விட்டோம். அன்றிலிருந்து போர்வையில் ஒரு துளியும் விழவில்லை. கதவின் அடியில் துணிப்பட்டை, ஜன்னலுக்குக் கனமான திரை. அவ்வளவுதான் செலவு. மலையகத்தில் ஐரோப்பா மாதிரி அறைக்கறை ரேடியேட்டர் தேவையில்லை. நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை 16 பாகை அளவில் இருக்கிறது. மாலை ஆறு மணியிலிருந்து காலை எட்டு மணி வரை ஓர் அறை சூடாக இருந்தால் போதும். எங்களுக்கு அந்த அறை சமையலறை. அடுப்புக்குப் பின்னால் ஒன்றரை அடி கனத்தில் கருங்கல் சுவர் எழுப்பினேன். இரவு ஒன்பது மணிக்கு அடுப்பு அணைந்தாலும் அந்தக் கல் அதிகாலை வரை வெதுவெதுப்பாக இருக்கிறது. எங்கள் பூனைக்கு எந்தக் கல் கடைசியாகக் குளிரும் என்று தெரியும்.

சூரிய வெப்பத் தண்ணீர்த் தொட்டி பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 15 வெற்றிடக் கண்ணாடிக் குழாய்களும் 150 லீட்டர் தொட்டியும் கொண்டது, கூரையில் தெற்குப் பார்த்து. பக்கத்தில் மிதவை வால்வு வைத்த சின்னத் தொட்டி ஒன்று. மேட்டில் இருக்கும் பெரிய தொட்டியிலிருந்து தண்ணீர் முதலில் அதற்குள் விழுந்து, பிறகு சூரியத் தொட்டிக்குப் போகும். மாசி, பங்குனியில் நாலு மணிக்குத் தொட்டால் கை சுடும். ஆனால் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மலை முழுவதும் மழை. மார்கழியில் வடகீழ் பருவக்காற்று எங்கள் பக்கத்துக்கும் ராகலை, உடப்புசல்லாவைப் பக்கத்துக்கும்தான் மழையையும் மூட்டத்தையும் கொண்டுவருகிறது. மூன்று நாள் மூட்டம் போட்டால் தண்ணீர் பச்சைத் தண்ணீர்தான். சுடுதண்ணீர் அதிகம் தேவைப்படும் நாட்களில்தான் சூரியன் இருக்காது. எனவே விறகு.

விறகு அடுப்பின் பின்பக்கத்தில் தண்ணீர்ப் பெட்டி வைக்கும் யோசனையைத் தந்தவர் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்ற மாமா. தேயிலை உலர்த்தும் இயந்திரத்துக்குச் சூடான காற்று கொடுக்கும் விறகு உலையை வாழ்நாள் முழுவதும் பார்த்துக்கொண்டவர். ஹட்டனில் ஒரு பட்டறையில் 5 மில்லிமீற்றர் இரும்புத் தகட்டில் பெட்டியை வெல்டிங் வைத்து ஒட்டவைத்தோம். 8 லீட்டர் கொள்ளும். சுடுதண்ணீர்த் தொட்டி 120 லீட்டர், துருப்பிடிக்காத உருக்கு. அதை ஒரு பலகைப் பெட்டிக்குள் நிறுத்தி, வெலிமடை வயல் பக்கத்திலிருந்து எடுத்துவந்த உமியைச் சுற்றிலும் ஓர் அடிக்குத் திணித்தோம். உமி சும்மா கிடைத்தது. நனையாமல் பார்த்துக்கொண்டால் கடையில் விற்கும் பஞ்சுக்கு அதிகம் குறைந்ததில்லை. இரவு 60 பாகையில் விட்ட தண்ணீர் காலையில் 50க்குக் கீழே போவதில்லை.

இந்த ஏற்பாட்டில் மோட்டார் கிடையாது. சூடான தண்ணீர் லேசானது, மேலே ஏறும். குளிர்ந்தது கனமானது, கீழே இறங்கும். பெட்டியின் மேல் வாயிலிருந்து ஒரு குழாய் தொட்டியின் மேல்பாகத்துக்கும், தொட்டியின் அடியிலிருந்து இன்னொரு குழாய் பெட்டியின் கீழ்வாய்க்கும் போனால் தண்ணீர் தானாகவே சுற்றி வரும். அதற்கு மூன்று விஷயங்கள் சரியாக இருக்க வேண்டும்: தொட்டி அடுப்பைவிட உயரத்தில் இருக்க வேண்டும், குழாய் ஓர் அங்குலத்துக்குக் குறையக் கூடாது, ஏறும் குழாய் வழி முழுவதும் ஏறிக்கொண்டே இருக்க வேண்டும்.

மூன்றாவதில்தான் நான் முதலில் விழுந்தேன். குறுக்கே ஒரு கதவு இருந்தது. குழாயைக் கதவுக்கு மேலே கொண்டுபோய் மறுபக்கம் ஒன்றரை அடி இறக்கித் தொட்டியில் சேர்த்தேன். பார்க்க நேர்த்தியாக இருந்தது. அடுப்பை மூட்டி அரை மணி நேரத்தில் பெட்டி டமடமவென்று அடிக்க ஆரம்பித்தது, தொட்டியோ குளிர்ந்தே கிடந்தது. தண்ணீரிலிருந்து பிரியும் காற்று அந்த மேட்டில் போய்த் தங்கி வழியை அடைத்துவிட்டது. மாமா வந்து பார்த்தார். "தம்பி, கதவை மாற்று. குழாயை மாற்றாதே" என்றார். கதவைத்தான் மாற்றினோம். இப்போது சமையலறைக்குள் போக இரண்டடி சுற்றிப் போக வேண்டும். குழாய் ஒரு மீற்றருக்கு மூன்று சென்ரிமீற்றர் ஏறுகிறது. முழ இடைவெளியில் ரசமட்டம் வைத்துப் பார்த்தோம்.

அடுத்த தவறுதான் நான் முன்னால் சொன்னது.

தொட்டியின் உச்சியிலிருந்து ஒரு காற்றுக்குழாய் கூரைக்கு மேலே திறந்தபடி போக வேண்டும். 120 லீட்டர் தண்ணீரை 15 பாகையிலிருந்து 80 பாகைக்குச் சூடாக்கினால் அது மூன்று லீட்டருக்கு மேல் பெருக்கும். அந்தப் பெருக்கத்துக்கும், கொதித்தால் வரும் ஆவிக்கும் அந்தக் குழாய்தான் வழி. நான் விறகுத் தொட்டிக்கான பச்சைத் தண்ணீரை மேட்டில் இருந்த பெரிய தொட்டியிலிருந்து நேராக எடுத்திருந்தேன். அது வீட்டைவிட 8 மீற்றர் உயரத்தில் இருந்தது. தண்ணீர் தன் மட்டத்தைத் தேடும். கூரைக்கு மேலே ஒரு மீற்றர் மட்டும் நீட்டியிருந்த காற்றுக்குழாயிலிருந்து இரவும் பகலும் தண்ணீர் கொட்டியது. அதை நிறுத்த அந்தக் குழாயில் ஒரு கேட் வால்வு போட்டு மூடினேன். சுடுதண்ணீர் மேட்டுத் தொட்டிக்குத் திரும்பிப் போகாமல் இருக்க, பச்சைத் தண்ணீர்க் குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வு ஏற்கெனவே போட்டிருந்தேன். இரண்டும் தனித்தனியாகப் பார்த்தால் நியாயமான வேலைகள். சேர்த்துப் பார்த்தால், நெருப்பின் மேல் நாலு பக்கமும் மூடிய ஓர் இரும்புப் பெட்டியை வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை. அம்மா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். நன்றாகக் காய்ந்த சவுக்கு விறகு, நெருப்பு முழங்கியது. பெட்டி முதலில் உறுமியது, பிறகு சத்தம் நின்றுவிட்டது. அந்த அமைதி எனக்கு நல்ல அறிகுறியாகப் பட்டது. சில நிமிடங்களில் குழாய் யூனியன் ஒன்றில் இருந்த ரப்பர் வாஷர் பிய்ந்து, கொதிதண்ணீர் எதிர்ச்சுவரில் போய் அடித்தது. ஆவி அறையை நிறைத்தது. அம்மா அடுப்புக்கு இந்தப் பக்கம், மா பிசையும் பலகையின் அருகில் குனிந்திருந்தார். அதனால் அவர் மேல் படவில்லை. ஒரு ரூபாய்க்கும் பெறாத அந்த வாஷர் பிய்ந்திராவிட்டால் பிளந்திருப்பது பட்டறையில் ஒட்டிய தையல். தண்ணீர் ஆவியானால் 1,600 மடங்குக்கு மேல் இடம் கேட்கும். அதற்குப் பிறகு பல இரவுகள் எனக்குத் தூக்கம் வரவில்லை.

மாமா அந்த வாஷரைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். ஓரம் பூப்போல விரிந்திருந்தது. திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. "தொழிற்சாலையில் இப்படி ஒரு வால்வை மூடியவனை மறுநாள் வேலைக்கு எடுக்க மாட்டார்கள் தம்பி" என்று மட்டும் சொன்னார்.

தீர்வு எங்கள் தலைக்கு மேலேயே இருந்தது. விறகுத் தொட்டிக்கான தண்ணீரை மேட்டிலிருந்து எடுக்காமல், கூரையில் இருந்த சூரியத் தொட்டியிலிருந்து எடுத்தோம். மிதவை வால்வு வைத்த சின்னத் தொட்டி மேட்டின் அழுத்தத்தை அங்கேயே முறித்துவிடுகிறது. நீர்மட்டம் கூரையோடு நிற்கிறது. காற்றுக்குழாயை அந்த மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் உயர்த்தி வளைத்துவிட்டோம். சொட்டுவதும் நின்றது, மூட வேண்டிய அவசியமும் போனது. கேட் வால்வையும் நான்-ரிட்டர்ன் வால்வையும் கழற்றி எறிந்தேன். இன்னொரு நன்மையும் கிடைத்தது. வெயில் நாளில் சூரியன் சூடாக்கிய தண்ணீரே விறகுத் தொட்டிக்குள் வருகிறது. அடுப்பு சமையலுக்கு எரிந்தால் போதும். மூட்ட நாளில் 20 பாகையில் வந்தாலும் மீதியை விறகு பார்த்துக்கொள்கிறது.

இதை வாசித்து யாராவது செய்யப் போனால் ஒன்றே ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். காற்றுக்குழாயில் எந்தக் காரணத்துக்காகவும் எதையும் பூட்டாதீர்கள். சொட்டினால் சொட்டுவதற்கான காரணத்தைத் தேடுங்கள். பெட்டி வழக்கத்துக்கு மாறாகச் சத்தம் போட்டால் அடுப்பின் காற்றுக் கதவை மூடிவிட்டு எல்லோரும் வெளியே போய்விடுங்கள். நெருப்பில் தண்ணீர் ஊற்றாதீர்கள். மாசியில் பீலி மெலிந்து தொட்டி வற்றிய நாளில் அடுப்பையே மூட்டாதீர்கள். காய்ந்து பழுத்த பெட்டிக்குள் பச்சைத் தண்ணீர் பாய்வது எல்லாவற்றையும்விட மோசமானது. நாங்கள் காலையில் முதலில் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்த்த பிறகுதான் தீக்குச்சியை எடுக்கிறோம்.

சின்னச் சின்ன விஷயங்கள் இன்னும் இருக்கின்றன. சுடுதண்ணீர் வழியில் சாதாரண பிவிசி குழாய் போடக் கூடாது. முதல் மாதமே அது நூலறுந்த கொடிபோல் தொய்ந்துவிட்டது. அடுப்புப் பக்கம் செப்பு, குளியலறைக்குப் போகும் வழிக்குச் சுடுதண்ணீருக்கென்றே வரும் பிபிஆர் குழாய். செப்பையும் துத்தநாகம் பூசிய இரும்பையும் நேராகச் சேர்த்தால் இரும்பு அரித்துப் போகும். நடுவில் பித்தளை இணைப்பு வையுங்கள். 60 பாகைத் தண்ணீர் குழந்தையின் தோலைச் சில விநாடிகளில் பொசுக்கிவிடும். வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், அதன் மேல் சுடுதண்ணீர் என்பதை வீட்டில் எல்லோருக்கும் பழக்குங்கள்.

விறகு பற்றி மாமாவிடம் ஒரு நாள் முழுவதும் கேட்கலாம். வெட்டிய பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அதை எரித்தால் நெருப்பு முதலில் மரத்துக்குள் இருக்கும் தண்ணீரைக் கொதிக்க வைக்கும், அதன் பிறகுதான் உங்கள் தண்ணீரை. டர்பன்டைன் மரத்தைப் பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிட வேண்டும். காய்ந்த பிறகு கோடரி திரும்பி வரும். சவுக்கு சீக்கிரம் காயும், சுத்தமாக எரியும். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது விழும் குச்சியான மிலாறு பற்றவைப்பதற்கு இணையற்றது, ஆனால் நிற்காது. தகரத்துக்குக் கீழே, பக்கங்கள் திறந்தபடி, ஒரு வருடம் அடுக்கி வைத்த விறகு என்றால் கிலோவுக்கு ஏறக்குறைய 4 யூனிட் சூடு. எங்கள் அடுப்பில் அதில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீருக்குப் போகிறது. 100 லீட்டருக்கு மூன்று கிலோ, அதாவது அம்மா ஒரு கையில் தூக்கக்கூடிய கட்டு. சோறும் கறியும் அதே நெருப்பில்.

தண்ணீர்ப் பெட்டி நெருப்பைக் குளிர்விப்பதால் புகைபோக்கியில் கீல் அதிகம் படியும். ஆறு வாரங்களுக்கு ஒரு முறை கம்பித் தூரிகை விட்டு இழுக்கிறேன். கருப்பாக, கண்ணாடி உடைந்ததுபோல் பளபளக்கும் செதில்கள் ஒரு சுளகு நிறைய விழும். அவை புகைபோக்கிக்குள்ளேயே தீப்பிடிக்கக்கூடியவை. குழாய் கூரையைத் தாண்டும் இடத்தில் சட்டத்துக்கும் குழாய்க்கும் நடுவே முக்கால் முழம் விட்டு, அதைச் சுற்றி இரட்டைத் தகரம் அடித்திருக்கிறேன். ஒரு மூலையில் பற்றிய தீ பழைய மரச்சட்டங்கள் வழியே ஓடி லயம் முழுவதையும் தின்ற செய்திகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த இடத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

வழிந்தோடும் தண்ணீருக்கும் வழி வேண்டும். இந்த நிலத்தில் கட்டுவதற்கு முன்னால் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை வாங்கினோம். சரிவுக்குள் தண்ணீரை இறங்க விடாதீர்கள் என்றுதான் எங்களிடம் மீண்டும் மீண்டும் சொன்னார்கள். குளியலறைத் தண்ணீர், தொட்டி வழியல், காற்றுக்குழாய்ச் சொட்டு எல்லாவற்றையும் சீமெந்துக் கானில், அதாவது வடிகாலில், சேர்த்துப் பழைய ஓடை வரைக்கும் கொண்டுபோய் விட்டிருக்கிறேன். மழைக்கு முன்னால் கானில் இலை அள்ளுவது என் வேலை.

போன மாதம் கீழ் லயத்திலிருந்து ஒரு பெண், பிள்ளை பெற்றுப் பத்து நாள் ஆனவள், குழந்தையைச் சால்வையில் சுற்றிக்கொண்டு அவளுடைய தாயோடு மேலே ஏறி வந்தாள். மூன்று நாளாக மழை. அவர்கள் வீட்டில் விறகெல்லாம் நனைந்துவிட்டது. அம்மா இரண்டு வாளி நிரப்பினார். முழங்கையை விட்டுப் பார்த்தார், கொஞ்சம் பச்சைத் தண்ணீர் கலந்தார், மறுபடியும் முழங்கையை விட்டார். பிறகு கால்களை நீட்டி உட்கார்ந்து, குழந்தையை முழங்காலில் குப்புறப் போட்டுத் தண்ணீரை வார்க்க ஆரம்பித்தார். விரல்கள் நேராக நீண்டிருந்தன.